ஊரின் பள்ளத்துப் பக்கம்

ஆலத்தியூர்
12.06.2023

அனுப்புநர்: கு. வைரக்கண்ணு, சிமெண்ட் ஆலைக் குடியிருப்பு, ஆலத்தியூர்.
பெறுநர்: நகராட்சிப் பொறியாளர் அவர்கள், நகராட்சி அலுவலகம், மருதையூர்.

பொருள்: கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், ஆட்சேபனை தெரிவித்தல்.

அம்மா,

மருதையூர் கிழக்கு வாய்க்கால் ஓரத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதற்கு இடம் அளந்து கல் ஊன்றியிருப்பதாக அறிகிறேன். அதை ஒட்டிய நிலம் எங்கள் தகப்பனார் குருநாதன் வழியில் வந்தது. என் அண்ணன் செல்லதுரை அதில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போட்டு, அங்கேயே வீடு கட்டிக் குடியிருக்கிறார். ஊர்ச் சாக்கடை முழுவதும் வந்து சேரும் இடமாக அது ஆகிவிட்டால் நாற்றத்தில் அவர் குடும்பம் குடியிருக்க முடியாது. கிணற்றுத் தண்ணீரும் கெட்டுவிடும். ஆகவே இந்த நிலையத்தை வேறு இடத்தில் அமைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கு. வைரக்கண்ணு

பி.கு.: பொறியாளர் யார் என்று தெரிந்துதான் அனுப்புகிறேன். மனுவை மனுவாகப் பார்க்கவும்.

*

மருதையூர்
25.06.2023

வைரக்கண்ணு அவர்களுக்கு,

என்னங்கன்னு ஆரம்பிக்கக் கை வரல. அதனால பேரைப் போட்டு எழுதுறேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்க பேரை நான் எழுதினது ரேஷன் கார்டுலயும் பாங்க் பாரத்துலயும்தான்.

உங்க மனுவுக்கு ஆபீஸ்லேர்ந்து முறையான பதில் தனியா வரும். இது நான் எழுதுறது. போன் பண்ணியிருக்கலாம். ஆனா போன்ல நமக்குப் பேச வராது. ரெண்டாவது நிமிஷமே சத்தம் ஏறிடும். அப்புறம் யாராவது ஒருத்தர் வெச்சிடுவோம்.

வேற இடத்துல கட்டுங்கன்னு எழுதியிருக்கீங்க. ஊர்லயே பள்ளமான பக்கம் அதுதான்னு உங்களுக்குத் தெரியாதா? ஸ்கூல் மைதானத்துல தண்ணித் தொட்டி கட்டினப்ப, தெருத் தெருவா லெவல் எடுத்தோமே. நீங்க காண்ட்ராக்டர் ஆளு, நான் புதுசா வேலைக்குச் சேர்ந்தவ. அளவுக்கோலைப் பிடிக்க ஆள் வராத அன்னைக்கு நீங்களே வெயில்ல பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. கிழக்கு வாய்க்கால்கிட்ட வந்ததும், "இதுக்குக் கீழ ஊர் இல்லை மேடம்"னு சொன்னீங்க. அப்ப மேடம்னுதான் கூப்பிடுவீங்க.

அந்தத் தொட்டியிலேர்ந்து ஊருக்குத் தண்ணி வந்த அன்னைக்கு எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா குளிச்சு, துவைச்சு, கழுவின தண்ணி எங்க போகும்னு நம்ம ஊர்ல யாரும் கேக்கல. அது தானா வழி பார்த்துக்கிட்டு உங்க நிலத்து ஓரமா ஓடி ஏரியில விழுந்தது. இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் விழுது. நாத்தம் இனிமேதான் வரப் போகுதுன்னு எழுதியிருக்கீங்க. ஒரு நாள் வந்து மோந்து பாருங்க.

ஒண்ணு மட்டும் கேட்டுடறேன். உங்கப்பா தவறின அன்னைக்கு மெயின் பைப் வெடிச்சு பாதி டவுனுக்குத் தண்ணி இல்லை. ஆஸ்பத்திரிக்கும் இல்லை. அதை அடைச்சிட்டு நான் வந்து சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. பந்தல்ல அத்தனை பேர் முன்னாடி, "உனக்குப் பைப்புதான் புருஷன்"னு சொன்னீங்க. அதுக்கப்புறம் நான் அந்த வீட்டுப் படி ஏறல. நீங்களும் கூப்பிடல. ஏழு வருஷம் ஆச்சு. இப்ப எழுதுற முதல் கடுதாசியிலயும் பொருள் சாக்கடைன்னு போட்டிருக்கீங்க. சிரிக்கிறதா, என்ன பண்றதுன்னு தெரியல.

மேகலா

*

ஆலத்தியூர்
19.08.2023

மேகலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுதவில்லை. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

அளவுக்கோல் பிடித்தது உண்மை. "இதுக்குக் கீழ ஊர் இல்லை" என்று சொன்னதும் உண்மைதான். ஆனால் நீ ஒன்றை விட்டுவிட்டாய். வேலைக்குச் சேர்ந்த அந்த வாரமே நீ என் கான்கிரீட் காரையைத் திருப்பி அனுப்பினாய். சோதிக்கிற இரும்புக் கூம்பில் நிரப்பிக் கூம்பைத் தூக்கினால் அது சரிந்து விழுந்தது. "தண்ணி ஜாஸ்தி, இதைத் தொட்டியில போடக் கூடாது" என்றாய். உனக்குப் பின்னால் சித்தாள்கள் எல்லோரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் காது வரை சூடு ஏறியது. ஆனாலும் அந்தக் கலவையைக் கொட்டச் சொன்னேன். மதியம் நீ சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தபோது, சாரத்துக்கு அடியில் நிழல் நன்றாக இருக்கிறது, அங்கே உட்காரலாம் என்று வந்து சொன்னதும் நான்தான். கத்தரிக்காய் வற்றல் குழம்பு கொண்டு வந்திருந்தாய். எனக்கும் ஊற்றினாய்.

இதையெல்லாம் எழுத உட்காரவில்லை. அண்ணன் திங்கட்கிழமை பெரம்பலூர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறார். தெருக்காரர்கள் ஐம்பது பேருக்கு மேல் கையெழுத்து. ஊர்க் கூட்டத்தில் நீ பேசியதையும் சொன்னார். யாரோ ஒருவர், "நாத்தம் வந்தா உன் வூட்டுக்கா வரும்?" என்று கத்தினாராம். நீ, "வேலை முடியற வரைக்கும் இந்தத் தெருவுலயே வாடகைக்கு இருக்கேன், வீடு குடுங்க" என்றாயாம். கடைசியில் அண்ணிதான் வீடு பார்த்துக் கொடுத்தார்களாம். அதைச் சொல்லும்போது அண்ணனுக்கு அண்ணி மேல் கோபம்.

என் ஆட்சேபனை அப்படியேதான் இருக்கிறது. மெஷின் சத்தத்தைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

வைரக்கண்ணு

*

மருதையூர்
21.01.2024

உங்களுக்கு,

பொங்கல் முடிஞ்சு வேலையாட்கள் திரும்பி வந்துட்டாங்க. பள்ளம் பாதி ஆழத்துக்கு மேல போயாச்சு. மேல கரிசல், அதுக்குக் கீழ சுக்கான்பாறை, அதுக்கும் கீழ ஊத்து. ராப்பகலா பம்ப் போட்டு இறைச்சாத்தான் அடியில ஆள் நிக்க முடியுது.

உங்க அண்ணன் உங்களுக்குச் சொல்லியிருப்பார். அவர் சொன்னதோட நான் சொல்றதையும் கேட்டுக்கோங்க. பள்ளத்துல இறைக்க இறைக்க அவர் கிணத்துல தண்ணி கீழ போயிடுச்சு. வெங்காயம் பிடிக்கிற நேரம், தாள் வாட ஆரம்பிச்சிடுச்சு. காலையில வந்து மண் வெட்டுற மெஷின் முன்னாடி துண்டை விரிச்சு உக்காந்துட்டார். போலீசைக் கூப்பிடலாம்னாங்க காண்ட்ராக்டர் ஆளுங்க. வேணாம்னுட்டேன். நானும் போய் அவர் பக்கத்துல மண்ணுலயே உக்காந்தேன்.

"மாமா, மெஷினை நிறுத்தியாச்சு. எந்திரிங்க"ன்னேன்.

"யாருக்கு யாரு மாமா? எங்கப்பன் செத்ததுக்கு வராதவ"ன்னார்.

"வந்தேன். நீங்க எடுத்துட்டீங்க"ன்னேன்.

அவர் வயல் பக்கம் கையைக் காட்டி, "வெங்காயம் என்னடி பாவம் பண்ணுச்சு?"ன்னார். அவர் கேட்டது நியாயம். அப்பத்தான் எனக்குத் தோணிச்சு. பள்ளத்துலேர்ந்து இறைக்கிற தண்ணி நல்ல ஊத்துத் தண்ணிதான். அதைத் தூக்கி வாய்க்கால்ல விட்டுக்கிட்டு இருக்கோம். சாயங்காலத்துக்குள்ள பைப் போட்டு அவர் வரப்புல கொண்டு விடச் சொன்னேன். மடையைத் திருப்பிட்டு அவர் பாட்டுக்கு மம்பட்டியைத் தோள்ல வெச்சுக்கிட்டுப் போனார். என்னைத் திரும்பிப் பார்க்கல. உங்க அண்ணி பொன்னுத்தாயக்காதான் வேலி வரைக்கும் வந்து, "சாப்பிட்டியா?"ன்னு கேட்டுட்டுப் போச்சு.

மெஷின் சத்தம் கேட்டிருந்தீங்க. காத்து ஊதுற மெஷின் ஒண்ணு வரும். அதைத் தனிக் கட்டடத்துக்குள்ள வைக்கிறோம். கதவைச் சாத்தினா வெளிய மாவு மில்லு தூரத்துல ஓடற மாதிரிதான் கேக்கும்.

மோட்டார் சத்தத்தோட குடும்பம் நடத்தின நீங்க இதைக் கேட்டிருக்க வேணாம்.

மேகலா

*

ஆலத்தியூர்
10.03.2024

மேகலா,

மோட்டார் சத்தம் என்று நீ எழுதிய பிறகு பல வாரமாக அதே நினைப்பு. நாம் குடியிருந்த பம்ப் ஹவுஸ் குவார்ட்டர்ஸ். ஒரே அறை, பின்பக்கம் தகரக் கூரை போட்ட சமையல்கட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார். ஆணியில் மாட்டிய காலண்டர் ஆடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம், "எப்படித்தான் தூங்கறீங்களோ?" என்பார்கள். நமக்கு அது ஓடினால்தான் தூக்கம். கரெண்ட் போய் மோட்டார் நின்றால் இரண்டு பேருக்கும் ஒன்றாக முழிப்பு வரும். நீ முண்டாசு மாதிரி துண்டைச் சுற்றிக்கொண்டு டார்ச்சோடு ஓடுவாய். நான் ஹரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவேன். கரெண்ட் வந்து மோட்டார் மறுபடி இழுக்கும்போது நீ சிரிப்பாயே, அது மாதிரி நீ வேறு எதற்கும் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அதில் பொறாமைகூட உண்டு.

அங்கிருந்து என்னை ராஜஸ்தானில் ஒரு சிமெண்ட் ஆலை வேலைக்குக் கூப்பிட்டபோது நீ வரவில்லை. நானும் போய்விட்டுத் திரும்பினேன். இப்போது இந்தக் குவார்ட்டர்ஸில் ஒரு சத்தமும் இல்லை. ஜன்னலில் சுண்ணாம்புத் தூசி படிகிறது, துடைக்கிறேன்.

போன ஞாயிறு நிலத்துக்கு வந்திருந்தேன். நீ தொட்டியின் அடித்தளத்தில் கம்பிகளுக்கு நடுவில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தாய். தலையில் மஞ்சள் தொப்பி. முடி நரைத்திருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டேன். வாய்க்காலையும் மோந்து பார்த்தேன். நீ எழுதியது சரிதான்.

அண்ணன் மனுவை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் வெங்காயம் நல்ல விளைச்சல் என்றார்.

வைரக்கண்ணு

*

மருதையூர்
15.09.2024

உங்களுக்கு,

வந்திருந்தா கூப்பிட்டிருக்கலாமே. தொப்பியைக் கழட்டிட்டு வந்திருப்பேன்.

இப்ப எழுதுறது மனசு சரியில்லாம. பெரிய தொட்டிச் சுவர் முழுக்க ஏத்தி முடிச்சாச்சு. கசிவு பார்க்கத் தண்ணி நிரப்பினோம். வடக்குச் சுவர்ல, கீழேர்ந்து ஒரு ஆள் உயரத்துல, ஈரம் கட்டுது. முதல்ல வேர்வை மாதிரி இருந்தது. மறுநாள் கோடு மாதிரி இறங்குது. தட்டிப் பார்த்தா உள்ள பொத்தல் சத்தம். காண்ட்ராக்டர் ஆளு, "மேல பூசிடலாம் மேடம், தெரியாது"ங்கறார். தெரியாதுங்கறதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்றார். ஜனவரியில திறப்பு விழான்னு மேலேர்ந்து சொல்லிட்டாங்க. உடைச்சா விழா தள்ளிப் போகும். எல்லாரும் என் முகத்தைப் பார்க்கறாங்க.

உள்ள நிக்கப் போறது சாக்கடைத் தண்ணி. அது கசிஞ்சா எங்க போகும்? முதல்ல போற இடம் உங்க அண்ணன் கிணறு. ஊர்க் கூட்டத்துல அத்தனை பேர் முன்னாடி ஒரு சொட்டு வெளிய போகாதுன்னு சொன்னது நான்.

சின்ன வயசுல இந்த மாதிரி நேரத்துல எனக்குப் பயமே இருந்ததில்லை. சாயங்காலம் வந்து உங்ககிட்டக் கத்துவேன். நீங்களும் கத்துவீங்க. காரையைப் பத்தி ரெண்டு பேரும் சண்டை போட்டு, கடைசியில என்ன பண்ணணும்னு எனக்குத் தெளிவாயிடும். இப்ப வாடகை வீட்டுல கத்துறதுக்கு ஆள் இல்லை. சுவரைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்.

மேகலா

*

ஆலத்தியூர்
18.09.2024

மேகலா,

உடைக்கச் சொல்.

அந்த உயரத்தில் கம்பி நெருக்கமாக இருந்திருக்கும். காரையைக் குலுக்கி இறக்குகிற வைப்ரேட்டர் அங்கே இறங்கவில்லை. பூச்சு ஒரு மழைக்குக்கூட நிற்காது. இது உனக்கே தெரியும். நான் சொல்லி நீ செய்யப் போவதில்லை. நீ கத்துவதற்கு ஆள் வேண்டும் என்று எழுதினாய். அதற்காகத்தான் வருகிறேன். ஞாயிறு காலை அரியலூர் பஸ்ஸில் வந்து இறங்குவேன். சண்டைக்குத் தயாராக இரு.

வைரக்கண்ணு

*

மருதையூர்
16.02.2025

உங்களுக்கு,

உடைச்ச இடத்துல புதுசாப் போட்ட காரை நல்லா பிடிச்சிடுச்சு. மறுபடி தண்ணி நிரப்பி ஒரு வாரம் வெச்சோம். சுவர் காய்ஞ்சு கிடக்கு. அன்னைக்கு நீங்க பேன்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டுத் தொட்டிக்குள்ள இறங்கி, சுத்தியலால தட்டித் தட்டிப் பார்த்துட்டு, "இங்கேர்ந்து இங்க வரைக்கும்"னு சாக்பீஸால கோடு போட்டீங்க. "இன்னும் ஒரு சாண் தள்ளி"ன்னேன். "வேணாம்"னீங்க. அங்கயே நின்னு எவ்வளவு நேரம் சண்டை போட்டோம். அந்த காண்ட்ராக்டர் ஆளு, யாரு இவர்னு கேட்டார். நான் பதில் சொல்லல. நீங்களும் சொல்லல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சாப்பிடாமயே போயிட்டீங்க.

விஷயம் இதுதான். எனக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் வந்துடுச்சு. சீர்காழி. வியாழக்கிழமை போய்ச் சேரணும். விழா தள்ளிப் போனதுக்காகவான்னு சிலர் கேக்கறாங்க. அப்படி இருக்காது. நான் இங்க இருக்க வேண்டிய காலத்துக்கு மேலயே இருந்துட்டேன். ஆனா வேலையோட கடைசி வாரங்கள்ல நான் இருக்க மாட்டேன்.

இந்த மாதிரி இடம், பட்டனை அமுக்கினதும் நல்ல தண்ணி குடுக்காது. உள்ள அழுக்கைத் தின்னுற கிருமிங்க வளரணும். அதுங்களுக்குக் காத்து ஊதிக்கிட்டே இருக்கணும். முதல்ல வர்றது கறுப்பா இருக்கும். அப்புறம் டீத்தண்ணி மாதிரி வரும். பல வாரம் கழிச்சுத்தான் தெளியும். அது தெளியறதைப் பார்க்கணும்னு எனக்கு ஆசை. நம்ம தொட்டியில முதல் தண்ணி ஏறினப்ப, நிரம்பி வழியற குழாய்க்கு அடியில நின்னு ரெண்டு பேரும் நனைஞ்சோம். தலையில அந்தக் குளிர்ச்சி இன்னும் இருக்கு.

ஒரு உதவி கேக்கறேன். முடிஞ்சப்ப போய்ப் பாருங்க. தண்ணி எப்படி வெளிய வருதுன்னு எனக்கு எழுதுங்க. ஆபீஸ்ல கேட்டா நம்பர் சொல்லுவாங்க. எனக்கு நம்பர் வேணாம்.

மேகலா

*

ஆலத்தியூர்
25.05.2025

அன்புள்ள மேகலா,

சீர்காழி முகவரியை அண்ணிதான் கொடுத்தார்கள். நீ அவர்களுக்கு மட்டும் போன் பண்ணுகிறாய் என்று தெரிகிறது.

நான்கைந்து ஞாயிறு போய்வந்தேன். முதல் தடவை வெளியே வந்த தண்ணீர் கறுப்பு, நாற்றமும் அடித்தது. அண்ணன் வேலி ஓரம் நின்று, "பாத்தியா?" என்றார். "பொறு, கிருமி வளரணும்" என்றேன். "கிருமியை வேற வளக்கறாளா?" என்றார். அடுத்த முறை நீ எழுதியபடி டீத்தண்ணீர். ஏப்ரல் கடைசியில் போனபோது வாய்க்காலில் என் செருப்பு அடிவரை தெரிந்தது. அண்ணன் வாய்க்காலில் இறங்கி, கையில் அள்ளி, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் வெகுநேரம் வைத்திருந்தார். "ஒண்ணும் அடிக்கலடா" என்றார். அப்புறம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

போன வாரம்தான் விழா நடந்தது. பந்தல், நாற்காலி, வாழைமரம் எல்லாம் இருந்தது. கல்வெட்டில் நிறையப் பெயர்கள். உன் பெயர் இல்லை. நான் முதலிலிருந்து கடைசி வரை இரண்டு முறை படித்தேன். மேடையில் பேசியவர்களும் சொல்லவில்லை. எல்லோரும் மாலை போட்டுவிட்டுக் கிளம்பிய பிறகு தெருக்காரர்கள் உள்ளே வந்தார்கள். அவர்களுக்கு எது என்ன என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. தொட்டியை எட்டிப் பார்த்து, கொதிக்கிற மாதிரி இருக்கிறதே என்று பயந்தார்கள். நான் சும்மா நின்றுகொண்டிருந்தவன், "அது கொதிக்கல, அடியிலேர்ந்து காத்து வருது" என்றேன். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நடந்தேன். குப்பையை வடிகட்டுகிற இடம், மண் தங்குகிற இடம், காற்று ஊதுகிற இடம், தெளிகிற இடம். என் பின்னால் முப்பது நாற்பது பேர். வடக்குச் சுவர்கிட்டே வந்ததும் நின்றேன். "இந்தச் சுவரை உடைச்சுத் திரும்பக் கட்டினாங்க. விழா தள்ளிப் போனாலும் பரவாயில்லைன்னு உடைச்சாங்க. உங்க கிணத்துத் தண்ணிக்காக" என்றேன். ஒரு அம்மா வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

கூட்டத்தில் ஒருவர், "நீங்க யாரு சார், ஆபீஸரா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. இதைக் கட்டின இன்ஜினியரம்மாவோட வூட்டுக்காரர்" என்றேன்.

அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். பந்தலில் அப்பா கிடந்த அன்றும் அவர் என் பக்கத்தில்தான் நின்றார். என் தோளில் கை வைத்து, "வா, சாப்பிடலாம்" என்றார்.

நீ கேட்டதை எழுதிவிட்டேன். தண்ணீர் தெளிந்துதான் வருகிறது.

வைரக்கண்ணு

*

சீர்காழி
30.05.2025

என்னங்க,

கடுதாசி வந்தது. ஆபீஸ்ல பிரிச்சேன், அங்க வெச்சுப் படிக்க முடியல. வீட்டுக்கு வந்து படிச்சேன்.

கும்பகோணம், மயிலாடுதுறை வழியா வாங்க, அதுதான் சுலபம். பஸ் ஸ்டாண்டுலேர்ந்து தெற்கே நடந்தா ரயில்வே கேட், அதைத் தாண்டி இடதுகைப் பக்கம் மூணாவது தெரு. பச்சைக் கதவு, மாடி வீடு. கீழ வீட்டுக்காரங்க யாருன்னு கேப்பாங்க. அங்க சொன்னதையே இங்கயும் சொல்லுங்க.

ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பக் கூடாது. ரெண்டு நாளைக்குத் துணி எடுத்துக்கிட்டு வாங்க.

மேகலா